திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை என்பது தமிழ்நாட்டில், திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே, காவிரியின் தென்கரைக்கு அருகில் அமைந்துள்ள தனிக் கற்குன்று ஆகும். அடிவாரத்திலிருந்து இதன் உயரம் 83 மீட்டர் (273 அடி). அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் கோயிலும், இடையில் தாயுமானவர் கோயிலும், உச்சியில் உச்சிப் பிள்ளையார் கோயிலும் உள்ளன. இன்று நகரின் பெயரைச் சேர்த்தே இக்குன்று குறிப்பிடப்படுகிறது. ஆனால் குன்றுக்கு உரிய பெயரே பின்னர் நகருக்கு வழங்கலாயிற்று.

புவியியல்

காவிரிச் சமவெளி இங்கு ஏறத்தாழ மட்டமானது. நகரின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து 88 மீட்டர் மட்டுமே. அச்சமவெளியிலிருந்து குன்று திடீரென எழுவதால், உண்மையான உயரத்தை விடப் பெரிதாகத் தோன்றுகிறது. சுற்றியிருந்த மென்மையான பகுதிகள் நெடுங்காலமாக மழையாலும் வெயிலாலும் அரிக்கப்பட, கடினமான பாறை மட்டும் எஞ்சி நிற்பதே இத்தகைய குன்று. இதனை எச்சக் குன்று என்பர். அருகிலுள்ள பொன்மலையும், கோயில் அமைந்துள்ள திருவெறும்பூர்க் குன்றும் இவ்வாறு தனித்து நிற்பவையே.

இப்பாறை 380 கோடி ஆண்டுகள் பழமையானது என்று பல நூல்களிலும் சுற்றுலாக் குறிப்புகளிலும் எழுதப்படுகிறது. அவ்வளவு பழைய பாறைகள் கிரீன்லாந்து, கனடா முதலிய மிகச் சில இடங்களிலேயே உறுதி செய்யப்பட்டுள்ளன. ஆகவே இவ்வெண்ணை எச்சரிக்கையுடன் கொள்வதே நன்று. இமயமலை எழத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. எனவே இமயத்தை விட இப்பாறை மூத்தது என்னும் கூற்றில் ஐயமில்லை. எனினும் பாறையின் வயது வேறு, குன்றின் வயது வேறு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நிலத்தின் ஆழத்தில் உருவான பாறை, மேலிருந்த அடுக்குகள் நீங்கிய பின்னரே குன்றாக வெளிப்பட்டது.

பெயர்க் காரணம்

மூன்று தலைகளை உடைய திரிசிரன் என்னும் அரக்கன் இங்குச் சிவனை வழிபட்டதால் திரிசிரபுரம் எனப் பெயர் வந்தது என்பது தலபுராணச் செய்தி. இதுவே மக்களிடையே பரவலாக அறியப்பட்டது. ஆனால் 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் பாடிய தேவாரப் பதிகங்களில் இத்தலம் சிராப்பள்ளி என்றே வழங்குகிறது. ஆரூர் திருவாரூர் ஆனது போலவும், ஐயாறு திருவையாறு ஆனது போலவும், சிராப்பள்ளிக்கு முன் 'திரு' என்னும் அடைமொழி சேர்ந்து திருச்சிராப்பள்ளி ஆயிற்று. எனவே 'திரி' என்பதை முதலாகக் கொண்ட விளக்கம், பெயர் வழக்கில் வந்த பின்னர் அதற்கேற்பப் புனையப்பட்டது எனக் கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். உச்சிக்குக் கீழே உள்ள இயற்கைக் குகையில் துறவியருக்கான கற்படுக்கைகள் காணப்படுகின்றன. அங்குள்ள எழுத்துப் பொறிப்பில் 'சிரா' என்னும் பெயர் படிக்கப்பட்டுள்ளது. அப்பெயருடைய துறவியின் பள்ளியே சிராப்பள்ளி என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. 'திருச்சிலாபள்ளி', அதாவது திருவுடைய கல் சார்ந்த ஊர், என்பதிலிருந்து பெயர் வந்தது என்று 19ஆம் நூற்றாண்டில் யூல், பர்னல் ஆகியோர் எழுதினர். சிற்றூர் எனப் பொருள்படும் பெயரிலிருந்து வந்தது என்றார் சி. பி. பிரவுன். ஆங்கிலேயர் வழக்கில் இது டிரிச்சினாப்பொலி ஆனது.

தேவார காலத்தில் இப்பகுதியின் பழைய நகரம் முற்காலச் சோழரின் தலைநகரான உறையூர் ஆகும். பின்னாளில் குன்றைச் சுற்றி ஊர் பெருகி, உறையூர் அதன் ஒரு பகுதியாகிவிட்டது. கயிலையிலிருந்து சிதறிய துண்டுகளே காளத்தி, சிராப்பள்ளி, ஈழத்துத் திருக்கோணமலை ஆகிய மூன்றும் என்னும் கதையால் இக்குன்றுக்குத் தென்கயிலாயம் என்ற பெயரும் உண்டு.

குடைவரைகள்

உச்சிக்குச் செல்லும் வழியில் உள்ள குடைவரை, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் (7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) அமைத்ததாகும். அவனது விருதுப் பெயரால் லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் எனப்படுகிறது. இதன் மேற்குச் சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் உருவம் பெரிய அளவில் செதுக்கப்பட்டுள்ளது. பல்லவச் சிற்பங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

சிற்பத்தின் இருபுறத் தூண்களிலும் உள்ள வடமொழிக் கல்வெட்டு, குன்றின் அமைவிடத்தையே பாடுபொருளாகக் கொண்டது. தரையில் இருக்கும் கோயிலில் நின்றுகொண்டு சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் எவ்வாறு காண்பது எனச் சிவன் கேட்டதாகவும், அதனால் மன்னன் மேகத்தைத் தொடும் இம்மலைக் கோயிலை அளித்ததாகவும் அது கூறுகிறது. நதிகளை விரும்பும் சிவன் காவிரியின் மீதும் காதல் கொள்வானோ என அஞ்சி, மலைமகள் தன் தந்தையின் வீட்டை விட்டு இங்கேயே தங்கிவிட்டாள் என்றும் குறிப்பிடுகிறது. குன்றின் தென்மேற்கு அடிவாரத்தில் மற்றொரு குடைவரை உள்ளது. அது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. இக்குடைவரைகள் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளன.

கோட்டை

மதுரை நாயக்கர் காலத்தில் குன்றைச் சுற்றி மதிலும் அகழியும் அமைந்தன. கர்நாடகப் போர்களில், 1751-52இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து இக்கோட்டையை முற்றுகையிட்டுத் தோல்வியுற்றனர். 19ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டன. மெயின்கார்டு கேட் எனப்படும் வாயில் மட்டும் எஞ்சியுள்ளது. மேலப்புலிவார்டு சாலை, கீழப்புலிவார்டு சாலை ஆகிய பெயர்கள் பழைய கோட்டை எல்லையை இன்றும் நினைவூட்டுகின்றன.

மலை ஏறும் வழி

ஏறுவதற்கான வழி கடைவீதியை ஒட்டிய தென்புற மலைவாசலில் தொடங்குகிறது. காலணிகளைக் கீழேயே விட்டுவிட வேண்டும். படிகள் 417 என்பது பொதுவான கணக்கு. எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து நூல்களில் எண் வேறுபடுகிறது. வழியின் முற்பகுதி கூரையுடன் கூடியது, ஆதலால் வெயில் தெரியாது. தாயுமானவர் கோயிலைக் கடந்த பின் வழி திறந்த பாறைக்கு வருகிறது. இங்கிருந்து படிகள் பாறையிலேயே வெட்டப்பட்டுள்ளன. நண்பகலில் கல் மிகவும் சுடும் என்பதால் காலையோ மாலையோ ஏறுவது நல்லது.

வழியில் உள்ள இரு கோயில்களின் கதைகளும் காவிரியோடு தொடர்புடையவை. வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க முடியாத தாய்க்குப் பதிலாக, இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குச் சிவனே தாயாக வந்து பேறுகாலம் பார்த்ததால் தாயுமானவர் எனப்பட்டார். அரங்கநாதர் திருவுருவைக் காவிரிக் கரையில் வைத்துவிட்ட சிறுவனை வீடணன் துரத்த, அச்சிறுவன் இம்மலை உச்சியில் ஏறி அமர்ந்த பிள்ளையார் என்பது மற்றொரு கதை.

பிள்ளையார் சதுர்த்தியன்று தலா 75 கிலோ எடையில் இரண்டு கொழுக்கட்டைகள் செய்யப்பட்டு, ஒன்று உச்சிப் பிள்ளையாருக்கும் மற்றொன்று மாணிக்க விநாயகருக்கும் படைக்கப்படுகின்றன. 1849ஆம் ஆண்டு விழாவின்போது குறுகிய படிவழியில் ஏற்பட்ட நெரிசலில் சுமார் 250 பேர் உயிரிழந்தனர்.

உச்சியிலிருந்து வடக்கே நோக்கினால் முதலில் காவிரியும், அதற்கப்பால் திருவரங்கம், திருவானைக்காவல் அடங்கிய தீவும், அதனையும் கடந்து கொள்ளிடமும் தெரியும். முக்கொம்பில் பிரியும் இவ்விரு ஆறுகளுக்கு இடையே தீவு அமைந்திருப்பதை வரைபடத்தை விட இங்கிருந்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி உயரத் திருவரங்க இராசகோபுரம், இக்குன்றை விட 37 அடி மட்டுமே குறைவானது.