நோயும் தறியும் வார்டு உறுப்பினரும்

இராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, மருத்துவமனை பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். எங்கள் வீட்டிலும் தறி ஓடியது. இழைகளை நெருக்காமல் நெய்து, வெளுத்து, வெயிலில் காயவைத்து, சுருட்டி அனுப்புவார்கள்.

2020 ஜனவரி 6 அன்று ஊராட்சி வார்டு உறுப்பினராகப் பதவியேற்றேன். கொரோனா பரவலைத் தடுக்க மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு வந்தது. தறிகள் நின்றன. தெருத்தெருவாகப் போய் அரசின் ஏற்பாடுகளைச் சொன்னோம்: யார் தனித்திருக்க வேண்டும், ரேஷனுக்கு எப்போது வர வேண்டும், காய்ச்சல் என்றால் எங்கே போக வேண்டும்.

நோய் பரவாமல் ஊர் காப்பது புதிய வேலையல்ல. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியது, வெளியாளை நிறுத்திய ஊர்க்கட்டு. பம்பாய் பிளேக்கையடுத்து 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 1939இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், சாக்கடை, தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றில் உள்ளாட்சிகளுக்குப் பொறுப்பு கொடுத்தது. கொரோனாவையும் அந்தச் சட்டத்தின்கீழ்தான் அறிவித்தார்கள்.

ஆனால் அப்போது இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கவுன்சிலர்களே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. எங்கள் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

மருந்தும் படுக்கையும் மட்டும் முன்னேற்பாடு அல்ல. கதவைத் தட்டிக் கேட்க ஊருக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தக் கேளுங்கள்.