முகிலறை பிறந்த வரலாறு

ஏட்டறிவே கல்வியென்றும், கைத்தொழில் அதற்குத் தாழ்ந்ததென்றும் கருதுவார் நம்மிடையே பலர். அணுவியலின் வரலாறு இக்கருத்தை மறுக்கின்றது. அணுவினும் நுண்ணிய துணிக்கைகளை நேரிற் கண்டார் எவருமிலர். அவை சென்ற சுவட்டையே காண்கின்றோம். அச்சுவட்டை முதன்முதற் புலப்படுத்திய கருவி முகிலறையாகும்.

ஸ்கொத்லாந்து அறிஞராகிய சீ. ரீ. ஆர். வில்சன் 1894ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திற் பென் நெவிஸ் மலையுச்சியிலிருந்த வானிலை நிலையத்திற் சில நாள் தங்கினார். முகிலின்மீது படிந்த நிழலைச் சூழ்ந்து தோன்றிய நிறவளையங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றை ஆய்கூடத்தில் ஆக்கிக் காணும் விருப்பினால் 1895இற் கேம்பிரிட்ஜிலே செயற்கை முகிலை உண்டாக்க முயன்றார்.

நீராவி செறிந்த காற்றைத் திடீரென விரியச் செய்தால் அது குளிரும். ஆவி தூசியைப் பற்றித் துளியாகும். வில்சன் தூசியை முற்றாக நீக்கினார். ஆயினும் காற்றின் பருமன் ஏறத்தாழ 1.25 மடங்காக விரிந்தபோது சில துளிகள் தோன்றவே செய்தன. 1896இல் எக்சுக்கதிர்களைச் செலுத்தியபோது துளிகள் மிகப் பெருகின. மின்னேற்றம் பெற்ற அயன்களே துளிகளுக்குக் கருவாயின என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அங்ஙனமாயின், விரையுந் துணிக்கையொன்று தன் வழியில் விட்டுச்செல்லும் அயன்களும் துளிகளாற் புலப்படுமன்றோ? கண்ணாடியை ஊதி உருவாக்கும் வேலையையுந் தாமே செய்து, வில்சன் கருவியைத் திருத்தினார். 1911இல் அச்சுவடுகளைப் படம்பிடித்தார். அல்பாத் துணிக்கையின் சுவடு தடித்த நேர்கோடாகவும், இலத்திரனின் சுவடு மெலிந்து வளைந்ததாகவும் காணப்பட்டன.

இக்கருவியின் பெருமையை ஒரு வழக்கு நன்கு விளக்கும். அல்பாத் துணிக்கை மோதிய நைதரசன் அணுவிலிருந்து புரோத்தன் வெளிப்படுவதை இரதபோட் 1919இல் அறிவித்தார். மோதிய துணிக்கை யாதாயிற்று? அதனை அன்றைய முறைகள் கூறவில்லை. பிளாக்கெற் என்பார் முகிலறையில் ஏறத்தாழ 23,000 படங்கள் எடுத்தார். அவற்றில் எட்டுச் சுவடுகளே விடை தந்தன. மோதிய இடத்திலிருந்து மூன்று கோடுகள் பிரியவில்லை, இரண்டே பிரிந்தன. அல்பாத் துணிக்கை கருவினுள் அடங்கிவிட்டதென்பதை அவர் 1925இல் வெளியிட்டார்.

வில்சன் 1927இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அன்டர்சன் 1932இற் பொசித்திரனைக் கண்டதும் முகிலறையிலேயாம். 1952இற் கிளேசர் ஆக்கிய குமிழியறை பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. எனினும், ஐயத்தைத் தீர்க்குஞ் சான்று ஏட்டினின்று மட்டும் பிறப்பதன்று. கண்ணாடி ஊதும் கையினின்றும் பிறக்கும் என்பதை முகிலறையின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. நம் மாணவர் ஆய்கூடத்தைத் தேர்வுக்குரிய சடங்காகக் கொள்ளாது, அறிவு பிறக்கும் இடமாகவே கொள்வாராக.