கரொட்சியேரேயும் பாஸும்: ஒரு கைவினைப் பெயரின் சமூக வரலாறு

சொற்பொருள் மாற்றத்தை இலக்கண எல்லைக்குள் நின்றே விளக்கும் மரபு நம்மிடையே வலுவானது. கைவினைஞரின் பெயர்களோ உற்பத்தி உறவுகளின் மாற்றத்தையும் நேரடியாகச் சுமப்பன.

இத்தாலியத்தில் கரொட்சியேரே என்றொரு சொல் உண்டு. குதிரை வண்டியைக் குறிக்கும் கரொட்சா என்பதன் அடியாகப் பிறந்த அது, முதலில் வண்டி கட்டுவோனைக் குறித்தது. மோட்டார் வாகனம் வந்தபின் குதிரை போயிற்று, பெயர் நிலைத்தது. தொழிற்சாலை தந்த எந்திரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் மேலுடலை வனைந்தவன் கரொட்சியேரே ஆனான். 1930இல் தூரினில் நிறுவப்பட்ட பினின்பரீனா இம்மரபினது. அடிச்சட்டமும் மேலுடலும் ஒன்றான வாகனங்களின் பேருற்பத்தி பரவவே, அவன் வனைவதற்கு உடல் இல்லாது போயிற்று. சிலர் பெருநிறுவனங்களுக்கு வடிவமைப்பாளராயினர். அன்றாட வழக்கில் இன்று அச்சொல் நெளிந்த தகட்டை நிமிர்த்தி வண்ணம் பூசுபவனையே பெரிதும் சுட்டுகின்றது. ஒரு பெயருக்குள் இரு வர்க்கங்கள் பிரிந்தமை மனங்கொள்ளத்தக்கது.

வன்னியில் மாட்டுவண்டி செய்தோர் தச்சரும் கொல்லரும்; அங்குத் தொழிலின் பெயரே சாதியின் பெயர். மோட்டார்த் தொழில் அப்பெயர்களை ஏற்கவில்லை. கராச், மெக்கானிக், ரிங்கர் என ஆங்கிலச் சொற்களே அதனுடன் வந்தன. இலங்கைப் பொதுவழக்கிலுள்ள ‘பாஸ்’ இன்னும் சுவையானது. எசமானனைக் குறித்த இந்த ஒல்லாந்தச் சொல் அமெரிக்க ஆங்கிலத்திற் புகுந்து வேலைவாங்குவோனுக்குரியதாயிற்று. இலங்கையிலோ தச்சனோடும் மேசனோடும் வாகனம் திருத்துவோனோடும் தங்கிவிட்டது. திசைச்சொல் என்று ஒரு வரியில் கடந்துவிடக்கூடிய செய்தியன்று இது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, எரிபொருளையும் உதிரிப்பாகங்களையும் வன்னிக்கு மறுத்தது. ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்கள் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு வாகனத்தின் சிதைவு மற்றொன்றின் உறுப்பாயிற்று. இத்தாலியச் சொல் இழந்த ‘வனைவோன்’ என்னும் பொருள் இக்கராச்சுகளில், அச்சொல்லை அறியாதோர் கையில், மீண்டும் உயிர்பெற்றது எனலாம். இதனைத் தமிழரின் புத்திக்கூர்மை எனப் புகழ்ந்து அமைதல் எளிது. அந்த உழைப்பு தடையால் திணிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்ப் புகையை உண்டவர் அத்தொழிலாளரே.

2002இல் ஏ-9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தின் பின், புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் எரிந்த வாகனங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை ஓடவைத்த கைகளுக்கு உரியோர் பலரும் அந்நிலத்திலேயே இருந்தனர். பின்னர்க் குத்தகைக் கடனோடு புதிய வாகனங்கள் வடக்கே வந்தன. அவற்றின் உறுப்புகளும் பெட்டியில் அடைக்கப்பட்டே வந்தன.