நேர்கோடும் தாய்ப்பசுவும்: மேய்ச்சல் அடர்த்தி மாதிரி ஒன்றின் மறுவாசிப்பு

வட ஆஸ்திரேலிய இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் ஹெக்டேருக்கு எத்தனை மாடு என்ற பேச்சு எழும்போதெல்லாம், 1974இல் ஜோன்ஸும் சாண்ட்லேண்டும் நிறுவிய நேர்கோடு சாட்சிக்கு வந்துவிடுகிறது. காயடித்த இளங்காளைகளைப் பொறுத்தவரை அந்தச் சாட்சியம் வலுவானது. தாய்ப்பசு மந்தைக்கு அதை அப்படியே பொருத்தி, எடைகூடல் இருந்த இடத்தில் கன்றின் எடையை வைத்துவிடும் வாசிப்பு ஒன்று சில பத்தாண்டுகளாக நிலைபெற்றுள்ளது. அந்த வாசிப்போடுதான் இக்கட்டுரைக்குப் பிணக்கு.

மாதிரி எளியது. அடர்த்தி கூடக்கூட ஒரு மாட்டின் எடைகூடல் நேர்கோடாகச் சரிகிறது. ஹெக்டேருக்கான எடைகூடலோ ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. எடைகூடல் சுழியாகும் அடர்த்தியில் சரிபாதிதான் அந்த உச்சம். இதிலிருந்து தானாகவே வரும் ஒரு முடிவை வாசித்தவர்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை: உச்சத்தில் நிற்கும் ஒவ்வொரு மாடும், கோடு தொடங்கும் இடத்திலுள்ள எடைகூடலில் பாதியைத்தான் பெறுகிறது. இளங்காளைக்கு அதனால் மோசமில்லை. பாதி எடை கூடினாலும் அது விலைபோகும் எடை. தாய்ப்பசுவுக்குப் பாதிச் சினை என்று ஒன்று கிடையாது.

ஒரு மந்தையில் சினைபிடித்தவை, பிடிக்காதவை எல்லாம் சேர்ந்தால் சராசரி வழுவழுப்பாகத்தானே மாறும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வழுவழுப்பாக மாறுவது வேறு, நேர்கோடாக மாறுவது வேறு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்று சுமார் 80 நாளுக்குள், மடியில் பால் உச்சத்தில் இருக்கும்போதே, அது மீண்டும் சினைபிடித்தாக வேண்டும். உடற்கட்டு ஓர் அளவுக்கு மேல் இருக்கும்வரை புல் சற்றுக் குறைந்தாலும் சினைவிகிதம் பெரிதாக அசையாது. அந்த அளவுக்குக் கீழே போனால் செங்குத்தாகச் சரியும். ஆகவே இங்கே எதிர்பார்க்க வேண்டியது முதலில் தட்டையாகச் சென்று பிறகு ஒடியும் வளைவு. மந்தை வெகுகாலம் நலமாகவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இன்னொரு சிக்கல் காலம் சார்ந்தது. புல் குறைந்த ஆண்டில் பசு தன் உடம்பைக் கரைத்துக் கன்றுக்குப் பால் தருகிறது. அந்த ஆண்டின் கன்று எடை ஓரளவு தப்பிவிடும்; இழப்பு அடுத்த ஆண்டில் பிறக்காத கன்றாக வந்து நிற்கும். கணக்கு விளங்க ஒரு கற்பனை மந்தை. 100 பசுக்களைக் காளையோடு சேர்த்து, 85 கன்றுகளைத் தலா 200 கிலோவில் பால்மறக்கச் செய்தால், பசு ஒன்றுக்கு 170 கிலோ. அதே மந்தையில் 70 கன்றுகள், தலா 195 கிலோ என்றானால், பசு ஒன்றுக்கு 136.5 கிலோ. கன்றின் எடை 2.5 விழுக்காடுதான் குறைந்தது. உற்பத்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. கன்றுகளை மட்டும் தராசில் ஏற்றியவர் கோட்டின் சரிவு மிதமானது என்றே எழுதுவார். பிறக்காத கன்றுக்குத் தராசு இல்லை.

இதில் மூல ஆசிரியர்களைக் குறைசொல்ல எதுவுமில்லை. அவர்கள் பேசியது எடைகூடலைப் பற்றி. குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் அருகே 1997இல் தொடங்கி நீண்டகாலம் நடந்த வாம்பியானா மேய்ச்சல் ஆய்வும் காயடித்த காளைகளை வைத்தே நடந்தது. அடர்த்தியை மிதமாக வைத்த நிலமே நாளடைவில் லாபம் தந்தது என்ற அதன் முடிவை நான் ஏற்கிறேன். தாய்ப்பசுக்களை வைத்து நடத்தியிருந்தால் மிதமான அடர்த்திக்கும் மிகையான அடர்த்திக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் விரிந்திருக்கும் என்றே எண்ணுகிறேன், இதை ஊகமாகத்தான் சொல்ல முடியும் என்றாலும்.

ஊகத்துக்கு ஓர் ஆதரவு உண்டு. 2008 முதல் 2011 வரை எழுபதுக்கு மேற்பட்ட வணிகப் பண்ணைகளில் பசுக்களைத் தொடர்ந்த ‘கேஷ்கௌ’ திட்டம், கன்று எடையோடு நிற்காமல், பாலூட்டும் பசு நான்கு மாதத்துக்குள் சினைபிடித்ததா என்றும் கேட்டது. வடகோடிக் காட்டு நிலங்களில் அந்த விகிதம் தென்பகுதிகளைவிட மிகத் தாழ்ந்திருந்தது. அதற்குக் காரணம் மண்ணின் பாஸ்பரஸ் குறைவுதான், அடர்த்தி அல்ல என்பார்கள். பாஸ்பரஸ் குறைந்தால் மாடு தின்னும் அளவே குறைகிறது. ஒடியும் இடம் இன்னும் முன்னதாக வருகிறது என்பதற்கு மேல் அது என் வாதத்தை மாற்றாது. துணைத்தீவனமும் இதற்கு விடையல்ல: யூரியா உப்புக்கட்டி வறட்சியில் உயிரைக் காக்கும், கன்று எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தராது. சுழற்சி மேய்ச்சலைப் பொறுத்தவரை, முறையைவிட அடர்த்தியே முடிவைத் தீர்மானிக்கிறது என்று 2008இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியதோடு அந்த வழக்கு பெரிதும் முடிந்தது.

பஃபல் புல் விதைத்த குயின்ஸ்லாந்து நிலத்தில் ஹெக்டேருக்கான எண்ணை மட்டும் பார்ப்பதால் வேறொன்றும் தவறிப்போகிறது. ஏப்ரல், மே மாதத்தில், மழை ஓய்ந்து புல்லின் புரதம் இறங்கும்போது, கன்றைப் பால்மறக்கச் செய்தால் பசுவின் தீவனத் தேவை சட்டென்று தணியும். நிலத்தில் மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமலே புல்லின் மீதுள்ள சுமை குறையும். நேர்கோட்டு மாதிரியில் இதற்கு இடமே இல்லை, ஏனெனில் காளைக்கு மடி இல்லை.

தாய்ப்பசு மந்தையின் உகந்த அடர்த்தி, மாதிரி காட்டும் சரிபாதிக்குக் கீழேதான் இருக்கும் என்பது என் நிலைப்பாடு. எவ்வளவு கீழே என்பதை இளங்காளைகளின் எடைப்பட்டியலிலிருந்து கறக்க முடியாது. ஒரே மந்தையைக் குறைந்தது மூன்று ஈற்றுகள் தொடர்ந்து, காளையோடு சேர்த்த ஒவ்வொரு பசுவையும் வகுஎண்ணில் வைத்து, மழைமுடிவில் அதன் உடற்கட்டையும் புல் இருப்பையும் ஒன்றாகப் பதிந்த தரவு அதற்கு வேண்டும்.