கேஸ் பிஸ்டன் ஏர் ரைபிள்: பழகும் காலமும் கோளாறுகளும்

கேஸ் பிஸ்டன் ஏர் ரைபிள் என்பது சுருள்வில்லுக்குப் பதிலாக, மூடிய எஃகு உருளைக்குள் அழுத்தி அடைத்த வாயுவின் விசையால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி. கேஸ் ராம் என்றும் சொல்வார்கள். இதில் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. உருளைக்குள் இருக்கும் வாயு, பெரும்பாலும் நைட்ரஜன், மேலும் இறுகுகிறது. விசையை (ட்ரிகரை) இழுத்ததும் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து, தனக்கு எதிரே அறையில் இருக்கும் வெளிக்காற்றை ஒரு சிறு துளை வழியாகக் குழலுக்குள் தள்ளும். ஈயத்தாலான பெல்லட்டை வெளியே தள்ளுவது அந்தக் காற்றுதான். உருளைக்குள் இருக்கும் வாயு வெளியேறுவதே இல்லை.

படைத்துறை ரைபிளில் உள்ள கேஸ் பிஸ்டன் வேறு. இந்தியப் படையின் இன்சாஸ் ரைபிளில், எரிந்த வெடிமருந்தின் வாயு குழலில் உள்ள துளை வழியே பிரிந்து பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். அதைத் தனியார் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. இக்கட்டுரை காற்றுத் துப்பாக்கியைப் பற்றியது மட்டுமே.

இந்த அமைப்பை 1980களில் சந்தைக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் தியோபென் நிறுவனம். ஜெர்மனியின் வைராக் நிறுவனம் அதே முறையைத் தன் எச்டபிள்யூ 90 ரைபிளில் பயன்படுத்தியது. திருவிழாக் கடைகளில் பலூன் சுடத் தரும் துப்பாக்கிகள் பெரும்பாலும் பழைய சுருள்வில் வகைதான். 10 மீட்டர் போட்டிகளில் சுடுபவர்களோ முன்னரே காற்றை நிரப்பிய சிலிண்டர் ரைபிளை வைத்திருப்பார்கள். கேஸ் பிஸ்டன் இவ்விரண்டுக்கும் நடுவே, வீட்டில் பழகுபவர்களின் துப்பாக்கி. நீண்ட நேரம் மடக்கி வைத்தாலும் விசை தளராது, வில் முறுக்கும் அதிர்வு இல்லை என்பவை இதன் பலம். பின்னுதைப்பு மட்டும் வெடுக்கென்று இருக்கும்.

சட்டமும் இடமும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின்படி, 0.177 அங்குலக் (4.5 மி.மீ.) குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான, 0.52 கிராம் எடையுள்ள பெல்லட் அந்த 20 ஜூல் எல்லையைத் தொட விநாடிக்கு ஏறத்தாழ 277 மீட்டர் வேகம் வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதால் இது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர் ரைபிளுக்கும் பொருந்தும். புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம் வயலில் மேயும் மயில் அச்சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவை.

புதுக்கோட்டையில் துப்பாக்கி சுடுதலுக்கு அரச குடும்ப மரபு ஒன்று உண்டு. அக்குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டார். மாவட்டத்தின் நினைவில் இதைவிட ஆழமாகப் பதிந்திருப்பது நார்த்தாமலையில் நடந்தது. 2021 டிசம்பர் 30 அன்று அங்குள்ள பயிற்சித் தளத்தில் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் சிறுவன் இறந்தான். பாய்ந்தது படைத் துப்பாக்கியின் குண்டு. ஏர் ரைபிளின் வலு அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் குறி தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும், கண்ணைப் பறிக்கும். எனவே புது ரைபிளைப் பரிசோதிக்கும் முன் பின்தடுப்பைச் சரிபார்க்க வேண்டும். இம்மாவட்டத்தில் எங்கு திரும்பினாலும் கருங்கல் பாறை. பாறையை முதுகாக வைத்துச் சுட்டால் பெல்லட் தெறித்துத் திரும்பும். பழைய துணியை இறுக்கித் திணித்த மரப்பெட்டியும் அதன் பின்னே உயரமான மண்மேடும் போதும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடக் கூடாது.

பழகும் காலம்

புது ரைபிள் முதல் சில நூறு பெல்லட்டுகள் வரை நிலையாக இருக்காது. பிஸ்டன் தலையில் உள்ள வளையம் அறையின் சுவரோடு உராய்ந்து பொருந்த வேண்டும். தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் எரிந்து தீர வேண்டும். மரக்கட்டையோ பிளாஸ்டிக்கோ, அதில் திருகுகள் அமர வேண்டும். ரைபிளின் பெயரிலேயே வாயு இருப்பதால் வாங்கியவரின் சந்தேகம் முதலில் வாயுவின் மேல்தான் விழும். உண்மையில் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது அதுதான்.

முதல் நாள் முறையீடு புகை. சுட்டதும் குழல் வாயில் நீலப் புகை, தீய்ந்த வாடை, சில வேளை பட்டாசு போன்ற ஓசை. அறைக்குள் மிச்சமிருக்கும் எண்ணெய், காற்று இறுகும்போது எழும் வெப்பத்தில் பற்றிக்கொள்வதே காரணம். டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றும் அதே முறை. மெல்லிய புகை தானே அடங்கிவிடும். சுளீரென்ற வெடிச்சத்தம் தொடர்ந்து வந்தால் எண்ணெய் வெடிப்பாக எரிகிறது என்று பொருள்; பெல்லட் ஒலியின் வேகத்தையும் தாண்டக்கூடும். அது வலு கூடியதன் அடையாளம் என்று மகிழ்பவர்கள் உண்டு. பிஸ்டன் வளையம் கருகுவது அப்போதுதான். குழலை மட்டும் உலர்ந்த துணித்துண்டால், பெல்லட் போடும் பக்கமிருந்து வாய்ப்பக்கமாக, துணி சுத்தமாக வரும்வரை துடைக்க வேண்டும். காற்றுத் துளைக்குள் சைக்கிள் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு சொட்டும் விடக் கூடாது. கேடு செய்வதில் இந்த ஒரு சொட்டுக்கு நிகரில்லை.

அடுத்தது குறி சிதறல். காலையில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்த பெல்லட்டுகள் மாலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். முன்கட்டையின் இரு பக்கத் திருகுகளையும் விசைக்காப்பின் முன்திருகையும் பொருத்தமான ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பார்த்தால், மூன்றில் ஒன்றாவது கால் சுற்று திரும்பும். வெடுக்கென்ற உதைப்பு அவற்றைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். முறுக்கிவிட்டு மறுபடி சுட வேண்டும். திருகு சரியென்றால், குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைச் சரிபார்க்க வேண்டும். பிஸ்டன் ரைபிள் பின்னுக்கு உதைத்த கையோடு முன்னுக்கும் உதைப்பதால், சாதாரண ஸ்கோப்பின் உட்கண்ணாடி தளர்ந்துவிடும். அதைப் பிடித்திருக்கும் வளையம் ரைபிளின் மேலுள்ள தடத்தில் பின்னோக்கி நகரும். வளையம் இருக்கும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தால் நகர்வு தெரிந்துவிடும். ஸ்கோப்பைக் கழற்றி இரும்புக் குறியால் சுட்டுப் பார்ப்பது இன்னும் எளிது. அப்போது குறி கூடினால் ரைபிளில் குறையில்லை.

பெரும்பாலும் எஞ்சுவது கைதான். படை ரைபிள் போலத் தோளில் இறுக்கி அழுத்திப் பிடித்தால் இது அடிக்கு ஒரு பக்கம் துள்ளும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், உதைக்கிறபடி உதைக்கட்டும் என்று விட வேண்டும். புதியவர்களுக்கு நம்பிக்கை வராத பாடம் இது.

பெல்லட்டும் ரைபிளுக்கு ரைபிள் மாறும். ஒரே 0.177 அளவிலேயே தலை விட்டம் 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று வேறுபடும். மிக லேசான பெல்லட் காற்றைத் தாங்கி நிறுத்தாமல் ஓடிவிடுவதால் பிஸ்டன் அறையின் முன்சுவரில் மோதும். பெல்லட் போடாமல் சுடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். கடையில் கையில் எடுத்ததும் பலர் செய்கிற முதல் காரியமும் அதுவே. பெல்லட் போடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி தவறிப் பூட்டு விலகினால் குழல் திரும்பி வந்து விரலை நசுக்கும்.

வேகம் குறைந்ததாகத் தோன்றினால் குழல் மடியும் மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூத் தாளை வைத்து, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுட்டுப் பார்க்கலாம். தாள் துள்ளினால் மூட்டிலுள்ள ரப்பர் வளையத்தில் கசிவு. மலிவான வளையம், மாற்றுவது எளிது. செம்மண் தூசி அம்மூட்டில் அடைவதும் கசிவுக்குக் காரணமாகும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று சேர்ந்துகொள்ளும். அங்கே குழலின் வெளிப்புறத்தைச் சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும். வெயிலும் சிறிது பங்கு வகிக்கிறது. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் உருளையின் அழுத்தம் ஏறத்தாழ 5 சதவீதம் உயரும். காலையில் சரிசெய்த குறி நடுப்பகலில் சற்று விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உருளையே கசிவதை அறிய ஒரு நம்பகமான அறிகுறி உண்டு. குழலை மடக்க நேற்றுவரை வேண்டிய பலம் இன்று வேண்டாமல், கை இலகுவாக இறங்கும். கூடவே பெல்லட் இலக்குக்குக் கீழே விழத் தொடங்கும். பழகப் பழக மடக்குவது சற்று இலகுவாவது இயல்பு. திடீரென்று இலகுவாவது இயல்பல்ல. தியோபென் வகை உருளைகளில் கைப்பம்பால் மீண்டும் காற்று ஏற்றலாம். மற்றவை நிரந்தரமாக மூடப்பட்டவை. துளையிடவோ சூடாக்கவோ பிரிக்கவோ கூடாது. அவற்றை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் விற்ற கடைக்கே திருப்பி அனுப்புவது வழக்கம்.