செங்குத்து இயக்கச் சிமுலேட்டர்

கலிபோர்னியாவின் மொஃபெட் ஃபீல்டில், நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பத்து மாடி உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு விமானி அறை 60 அடி உயரத்துக்கு ஏறி இறங்கும். பக்கவாட்டில் 40 அடி ஓடும். ‘செங்குத்து இயக்கச் சிமுலேட்டர்’ என்பது அதன் பெயர். விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் விண்கலங்களையும் பறக்கவிடும் முன்பே ஓட்டிப் பார்க்கும் இடம் அது.

இத்தனை உயரம் எதற்கு?

விமான நிறுவனங்களின் பயிற்சிச் சிமுலேட்டர்கள் நீண்டு சுருங்கும் ஆறு கால்களின் மேல் நிற்பவை. சில அடி அசைவை வைத்துக்கொண்டே அவை முழுப் பயணத்தையும் நம்பவைத்துவிடும். ஏமாறுவது உட்காதுதான். அதற்கு வேகம் தெரியாது, வேக மாற்றம் மட்டுமே தெரியும். விமானம் ஓடுபாதையில் சீறிக் கிளம்பும்போது அறையை மெல்லப் பின்னால் சாய்ப்பார்கள். இருக்கை முதுகைத் தள்ளுவதாக உடல் எண்ணிக்கொள்ளும். உண்மையில் தள்ளுவது புவியீர்ப்பு. ஆனால் மேலும் கீழுமான அசைவுக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. எப்படிச் சாய்த்தாலும் நீடித்து ஏறும் உணர்வு வராது. தரையிறங்கும் கடைசி நொடிகளிலும், ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கும்போதும் விமானி நம்பியிருப்பது அந்த அசைவைத்தான். ஆகவே அறையை நிஜமாகவே தூக்க வேண்டியிருக்கிறது.

டன் கணக்கான எடையைத் தாங்குவது அழுத்தப்பட்ட நைட்ரஜன் நிரம்பிய தூண்கள். மோட்டார்களுக்கு அசைக்கும் வேலை மட்டும் மிச்சம். அறைகள் ஐந்து உண்டு. ஒன்று ஆய்வில் இருக்கும்போது இன்னொன்றை அடுத்த ஆய்வுக்குத் தயார்செய்யலாம்.

இந்தச் சிமுலேட்டரின் நெடுநாள் வாடிக்கையாளராக இருந்தது விண்வெளி ஓடம். எஞ்சின் உந்துதல் இன்றி மணிக்கு சுமார் 350 கி.மீ. வேகத்தில் தரைதொட்ட அதற்கு இரண்டாம் வாய்ப்பு இருக்கவில்லை. 1977 அக்டோபர் 26 அன்று, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் நடந்த சோதனையில் விண்வெளி வீரர் ஃப்ரெட் ஹைஸ் ஓட்டிய சோதனை ஓடமான ‘என்டர்பிரைஸ்’ தரைதொடும் நேரத்தில் தள்ளாடி, துள்ளி எழுந்தது. கீசர் குழாயைத் திருகியவர், சூடு வரத் தாமதமானதும் இன்னும் திருகிச் சுட்டுக்கொள்வாரே, அதே கதைதான். கட்டளைக்கும் கலத்தின் அசைவுக்கும் இடையே தாமதம். விமானியின் திருத்தமே ஆட்டத்தைப் பெருக்கியது. செங்குத்துச் சிமுலேட்டர் வந்த பின், 2011இல் ஓடம் ஓய்வு பெறும்வரை அதன் விமானிகள் இங்கே டயர் வெடிப்பையும் குறுக்குக் காற்றையும் சமாளித்துப் பழகினார்கள். 1992இல் ‘எண்டெவர்’ ஓடம் முதன்முதலாக விரித்த வேகத்தடைப் பாராசூட்டும் இங்கே ஆராயப்பட்டதே.

ஆராய்ச்சி ஓட்டம் முடிந்ததும், கலத்தைக் கையாள்வது எப்படி இருந்தது என்று விமானி ஓர் எண் சொல்வார். அந்த எண்ணுக்கான அளவுகோல் 1969இல் ஜார்ஜ் கூப்பரும் ராபர்ட் ஹார்ப்பரும் வெளியிட்டது. பள்ளி மதிப்பெண்ணுக்கு நேர் எதிர்: 1 என்றால் அருமை, 10 என்றால் கலம் கைமீறிவிட்டது. மதிப்பெண் விமானத்துக்குத்தான். எண்ணுக்குக் காரணமாக அவர் முணுமுணுப்பதும் பதிவாகும். பொறியாளர்களுக்குப் பல நேரம் அதுவே அதிகம் உதவும்.

1929இல் எட்வின் லிங்க் தன் குடும்பத்தின் ஆர்கன் இசைக்கருவித் தொழிலின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு தன் விமானப் பயிற்சிப் பெட்டியை ஆட்டினார். அசைவு உண்மையில் தேவைதானா என்ற சச்சரவு இன்றும் ஓய்ந்தபாடில்லை. பயிற்சியில் அதன் பலனை ஆய்வுகள் ஒரே குரலில் உறுதிசெய்யவில்லை. புதிய கலத்தின் குணத்தை எடைபோடும்போது நிலைமை வேறு: அசைவைக் குறைத்தால் விமானி தரும் மதிப்பெண்ணே மாறக்கூடும்.

நிலவில் இறங்கும் கலங்களும் இந்தக் கோபுரத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. கலத்தைத் தாங்கும் உந்துவிசையும் அதற்கேற்பக் குறைவு. பூமியில் ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் நகர்த்தச் சற்றே சாய்த்தால் போதும். அதே விரைவில் வேகமெடுக்க, நிலவில் கலத்தை வெகுவாகச் சாய்க்க வேண்டும். ஹெலிகாப்டரில் பழகிய கைக்கு அது முதலில் பிடிபடாது.