வத்தை, பிட்டி, கடை, சேனை

மூலம்: வெள்ளவத்தை – பம்பலப்பிட்டி – கொள்ளுப்பிட்டி – கொச்சிக்கடை – கொட்டாஞ்சேனை

உரை:

தெற்குக் கொழும்பில் இருக்கும் தமிழர் ஒருவர் வடகொழும்பில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போது கடக்கிற பெயர்கள் இவை. ஈறுகளை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

"வெள்ளவத்தை": சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல், கடற்கரை, 'வத்த' என்றால் தோட்டம். லகரம் ளகரமானதற்கு நம்முடைய வெள்ளையும் வெள்ளமும் இழுத்த இழுப்பே காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் 'வத்தை' ஒரு சிறு படகு. ஒலி ஒன்றானாலும் உறவு கிடையாது.

சரி, கடைசியில் நிற்கும் 'ஐ' யாருடையது? வேற்றுமை உருபு என்று சொல்ல முடியாது. "வெள்ளவத்தையைத் தாண்டி" என்னும்போது உருபு தனியாக வந்து ஒட்டுகிறதே. மலையாளத்தார் 'மல', 'தல' என்பதை நாம் மலை, தலை என்கிறோம். அதே பழக்கத்தில்தான் சிங்களத்தின் அகர ஈற்றையும் ஐகாரமாக்கிக்கொண்டோம். மாத்தறை, பொரளை, தெமட்டகொடை எல்லாம் இப்படி வந்தவை. தெமட்டகொடையில் உள்ள 'கொட' மேட்டு நிலம். ஈகையைத் தேட வேண்டாம்.

"பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி": சிங்களப் 'பிட்டிய' திறந்த வெளி. யாழ்ப்பாணத்து 'மண்பிட்டி'யோ மேடு. உடுப்பிட்டியிலிருந்து வந்தவருக்குக் கொள்ளுப்பிட்டி சொந்த ஊர்ப் பெயர்போலக் கேட்கும், பொருள் வேறு.

"கொச்சிக்கடை": இங்கே பயணம் எதிர்த்திசையில். கடை நம் சொல். சிங்களவர் 'கடே' என்கிறார்கள். நாமும் பேச்சில் 'கடெ' என்றுதானே சொல்கிறோம்! ஏட்டைப் பார்த்து எடுத்த சொல்லாக இது தெரியவில்லை. சந்தையில் காதால் வாங்கியது.

"கொட்டாஞ்சேனை": படை என்று பொருள்கொள்வோர் உண்டு. படையைக் குறிக்கும் சேனை வடமொழி, சேனைக்கிழங்கு வேறு. இந்தச் சேனை, காட்டை வெட்டி எரித்துச் சில காலம் பயிரிட்டுவிட்டுப் போகும் நிலம். சிங்களத்தில் 'ஹேன'. அம்மொழியில் சகரமும் ஹகரமும் இடம் மாறும். நிலாவை 'சந்த' என்றும் 'ஹந்த' என்றும் சொல்வார்கள். நெரிசலான இந்தத் தெருக்களின் பெயருக்குள் ஒரு காட்டுப் பயிர்நிலம் இன்னும் கிடக்கிறது. வன்னி விவசாயிக்குச் 'சேனைப் பயிர்ச்செய்கை' என்றால் விளக்கமே தேவையில்லை.

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் 'கொட்டஹேன' என்று எழுதினால் திருத்திக் கொடுங்கள். தமிழில் அந்த ஊருக்குப் பெயர் கொட்டாஞ்சேனை.